எல்லாவற்றையும் நினைவில் வைத்த மைனா

மருதமரங்கள் அடர்ந்த ஒரு காட்டாற்றின் கரையில் நீலாயி என்ற நீர்நாய் தன் குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். அக்கரைப் புல்வெளிக்குப் போகும் விலங்குகள் எல்லாம் அவளைக் கேட்டுவிட்டுத்தான் ஆற்றில் இறங்கும். நீலாயி ஒரு முங்கு முங்கி, ஆழத்தையும் இழுப்பையும் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

அந்த நல்ல பெயரே அவளுக்கு வினையாகிப் போனது.

"ஆழம் எவ்வளவு, நீலாயி?" என்று மான் கேட்கும். அவள் முங்கிப் பார்த்துச் சொல்வாள். மேலிருக்கும் ஈரத்தை உதறுவதற்குள் காட்டுப்பன்றி வந்து நிற்கும். மறுபடியும் முங்க வேண்டும். பன்றி நகர்வதற்குள் முள்ளம்பன்றி! கோடையில் இக்கரைப் புல் காய்ந்ததும் கூட்டம் இன்னும் பெருகியது. கேட்டவர்கள் பதிலுக்காக வெயிலில் வரிசையாக நின்றார்கள். நீலாயிக்கோ மீன் பிடிக்க நேரமில்லை. வளைக்குள் குட்டிகள் பசியில் கத்தின.

"ஒரே கேள்விக்கு எத்தனை தடவைதான் முங்குவது!" என்று சலித்துக்கொண்டவள், கிட்டான் என்ற மைனாவைக் கூப்பிட்டாள். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வதில் கிட்டான் கெட்டிக்காரன்.

"கிட்டா, நீ துறையில உட்காரு. யாராவது ஏதாவது கேட்டா என்கிட்ட வந்து சொல்லு. நான் சொல்ற பதிலை ஞாபகம் வெச்சுக்கோ. அடுத்தவங்க அதையே கேட்டா நீயே சொல்லிடு. என் வளைக்கு மேல இருக்கிற அத்திப்பழமெல்லாம் உனக்குத்தான்!"

"இவ்வளவுதானே அக்கா! நிம்மதியா மீன் பிடிங்க!"

நீலாயி ஒரு மீனைக் கவ்வினாள். அதற்குள் தலைக்கு மேலே சத்தம்.

"அக்கா! ஆழம் எவ்வளவுன்னு மான் கேட்குது!"

"முழங்கால் அளவு!"

மீண்டும் முங்கி வேறொரு மீனைக் கவ்வினாள்.

"அக்கா! எவ்வளவு ஆழம்னு பன்றி கேட்குது!"

"அதைத்தானே இப்ப சொன்னேன்!"

"மான் கேட்டது 'ஆழம் எவ்வளவு'. பன்றி கேட்கிறது 'எவ்வளவு ஆழம்'. இது வேற கேள்வியாச்சே அக்கா!"

பதில் சொல்ல வாயைத் திறந்ததில் மீன் நழுவி ஓடிவிட்டது. நீலாயி பல்லைக் கடித்தாள்.

"வார்த்தை முன்னே பின்னே இருந்தா என்ன? விஷயம் ஒண்ணுதானே! ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கோ!"

"சரி அக்கா, சரி!"

அதன் பிறகு கிட்டான் அவளைத் தேடி வரவே இல்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் கிடைத்ததால் துறையில் வரிசை கரைந்தது. குட்டிகளின் வயிறு நிறைந்தது. நீலாயி மணலில் மல்லாந்து படுத்தாள். இப்படிப் படுத்து எத்தனை காலமாயிற்று!

ஒருநாள் தொலைவில் மலையில் மழை கொட்டியது. காட்டில் ஒரு துளிகூட விழவில்லை. ஆனால் ஆறு செந்நிறமாகக் கலங்கி, விறுவிறுவென்று ஏறியது. நீலாயி பதறிப்போய்க் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டுக்குக் கொண்டு சேர்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

"ஐயோ, என் குட்டி!"

தாய்மான் இடுப்பளவு நீரில் தத்தளித்தது. அதன் குட்டியை ஆறு உருட்டிக்கொண்டு போனது. நீலாயி பாய்ந்தாள். குட்டியின் கழுத்தைக் கவ்வி, வெள்ளத்தோடு மல்லுக்கட்டி, ஒரு மரவேரில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தாயும் எப்படியோ கரையேறிவிட்டது. மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால், துறையில் கிட்டான் அடுத்து வந்த பன்றியிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முழங்கால் அளவுதான்! இறங்கு, இறங்கு!"

"டேய்! உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்று கத்தினாள் நீலாயி.

"நீங்க சொன்னதுதானே அக்கா! ஒரு எழுத்துகூட மாத்தலையே!"

"அது எப்பவோ சொன்னது!"

"ஞாபகம் வெச்சுக்கோன்னீங்க. வெச்சிருக்கேன்!"

நீலாயிக்கு அவன் இறக்கையைப் பிய்த்துவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. ஆனால் தாய்மான் நடுங்கியபடியே குறுக்கிட்டது.

"அவனை ஏன் திட்டுறே? அவன் பேச்சை நம்பியா நான் இறங்கினேன்? அது உன் பேச்சுன்னு நம்பித்தான் இறங்கினேன்."

நீலாயியின் ஆத்திரம் அடங்கியது. ஞாபகம் வைக்கச் சொன்னவள், எவ்வளவு நேரத்துக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாளா?

கிட்டானும் பயந்துபோயிருந்தான். "இனிமே நான் எதையுமே ஞாபகம் வெச்சுக்க மாட்டேன் அக்கா! ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்டயே ஓடி வர்றேன்!"

"அடக் கடவுளே, அதுவும் வேண்டாம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நீலாயி. பிறகு பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"கேளு. கரையேற நல்ல இடம் எதுன்னு கேட்டா, இந்தக் கோடை முழுக்க ஒரே பதில்தான். அதை வெச்சுக்கோ. ஆழம் அப்படியில்ல. நான் சொன்ன பிறகு நேரம் போய், மரத்தோட நிழல் ஒரு பாறையிலேர்ந்து அடுத்த பாறைக்கு நகர்ந்துட்டா அந்தப் பதில் செல்லாது. வந்து புதுசா கேட்டுட்டுப் போ. யாரோட குட்டி எங்க ஒளிஞ்சிருக்குங்கிற மாதிரி ஒருத்தர் தனக்காகக் கேட்டதை ஞாபகமே வெச்சுக்காதே. அதை இன்னொருத்தருக்குச் சொன்னா ஆபத்து. எல்லாத்துக்கும் மேல, நான் சீழ்க்கை அடிச்சா, ஆழம் பத்தித் தெரிஞ்சதையெல்லாம் அந்த நொடியே மறந்துடு!"

கிட்டான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். அவள் திருத்தினாள். அவன் மறுபடி சொன்னான்.

சில நாள் கழித்து ஆறு மீண்டும் கலங்கியது. இந்த முறை நீலாயி முதலில் சீழ்க்கை அடித்துவிட்டுத்தான் குட்டிகளைத் தூக்க ஓடினாள்.

"நில்லுங்க! கொஞ்சம் முன்னே சொன்ன பதில் செல்லாது!" என்று கிட்டான் துறையில் கத்தினான்.

"இப்பதானே முழங்கால் அளவுன்னே!" என்று முறைத்தது பன்றி.

"அதை மறந்தாச்சு! அக்காகிட்ட கேட்டு வர்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது!"

பன்றி முணுமுணுத்துக்கொண்டே காலைப் பின்னுக்கு இழுத்தது. அது இறங்க இருந்த இடத்தில் ஒரு பெரிய மரம் வெள்ளத்தில் வேரோடு உருண்டு போயிற்று.

ஒரு வேலையை ஒப்படைப்பவர், எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதோடு எப்போது மறக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.