கணிதப்புலியின் நுழைவுத் தேர்வு

தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் செங்கமலம் டீச்சர் மாலைதோறும் கணக்கு வகுப்பு நடத்திவந்தார். அந்த வகுப்பைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் வந்து நின்றார், டியூஷன் சென்டர் நடத்தும் 'கணிதப்புலி' ஞானசிகாமணி.

"என் பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் எண்பத்தஞ்சு மார்க். இந்தம்மா பிள்ளைங்க நாற்பதைத் தாண்டலை!"

கூட்டத்தில் பாதிப்பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். டீச்சர் பணிவாகச் சொன்னார்.

"இன்னைக்கே தந்துடுறேன் சார். என் வகுப்புப் பிள்ளைங்க இருபது பேரையும் நீங்களே சேத்துக்குங்க."

புலி பதறியது. "அதெப்படி? நுழைவுத் தேர்வு இருக்குல்லா! எண்பதுக்குக் குறைஞ்சா என் வாசப்படி மிதிக்க முடியாது."

"அப்படியா சார்! உங்ககிட்ட எண்பதோட வந்தவங்க எண்பத்தஞ்சு. என்கிட்ட எட்டோட வந்தவங்க நாற்பது. யாரு எவ்வளவு ஏத்தினோம்னு நீங்களே சொல்லுங்க."

புலி கரும்பலகையைப் பார்த்தது. பிறகு கூரையைப் பார்த்தது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

பீடி சுற்றும் பிச்சம்மாள் எழுந்தாள். "வகுப்பு டீச்சர்கிட்டயே இருக்கட்டும். கழித்தல் வரலைன்னா வெக்கப்படாதீங்க சார்வாள், நீங்களும் சாயங்காலம் வாங்க. இங்க யாரையும் வாசல்ல நிறுத்த மாட்டாக!"