கருமந்தியின் தூளி

அந்தக் காலத்தில் மலைக்காட்டில் எல்லாருக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்தால் வம்பும் இருக்கும் அல்லவா? அதிலும் சிலந்திக்கு வாய் கொஞ்சம் அதிகம். போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "என் வலையில ஒரு கண்ணி பிசகியிருக்கா, சொல்லு பார்ப்போம்" என்பாள். யாராலும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை. அப்படியும் விடிந்தால் தானே அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, வேறொன்றை முதலிலிருந்து பின்னுவாள்.

அதே மரத்தில் மாதி என்றொரு கருமந்தி இருந்தாள். ஐப்பசியில் அவளுக்குத் தலைச்சன் குட்டி பிறந்தது. செம்பட்டை நிறம், உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. ஆனால் பாவம், அதற்கு விரல் மடங்கவில்லை. மந்திக்குட்டி என்றால் பிறந்த உடனே தாயின் வயிற்று ரோமத்தை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது பிடிக்கவே இல்லை. எந்நேரமும் மாதி ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டே இருந்தாள்.

மார்கழியில் அங்கே உறைபனி விழும். அதற்கு முன்னால் மந்திக் கூட்டம் பள்ளத்துக் காட்டுக்கு இறங்கிவிடும். வழியில் ஓர் அகலமான ஓடை. அக்கரை மரத்தை எட்ட வேண்டுமானால் இரண்டு கையையும் வீசித் தாவ வேண்டும். மாதிக்கு இருந்ததோ ஒரு கை. இறங்கினால் குட்டி நழுவி விழும், இறங்காவிட்டால் குளிரில் விறைத்துப்போகும். பெற்றவள் அழாமல் என்ன செய்வாள்?

"அழுதா ஆச்சா?" என்றாள் சிலந்தி. "ஒரு தூளி பின்னி கழுத்துல மாட்டிக்கோ. குட்டி உள்ளே கிடக்கும். ரெண்டு கையும் உனக்குத்தான்."

"எனக்குப் பின்ன வராதே, சிலந்தியக்கா."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சாக்கும்?"

வந்ததுதான். எந்தச் சிலந்திக்கும் பிறக்கும்போதே வந்துவிடும். அது அவளுக்கே தெரியாது, அதுதான் கஷ்டம்.

முட்செடிகளில் வரையாடுகள் விட்டுப்போன ரோமத்தைச் சிலந்தி நூலாக நூற்றாள். பச்சிலைச் சாற்றில் நனைத்துக் கொடுத்தாள். முள்ளம்பன்றி உதிர்த்த இரண்டு முள் ஊசியாயிற்று. பின்னுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே! மாதி கிளைக் கவட்டையில் பாசியைப் பரப்பிக் குட்டியைக் கிடத்தினாள். பிறந்ததிலிருந்து அன்றுதான் அதை முதன்முதலாகக் கீழே வைத்தாள். அது சிணுங்கியது.

"இதோ ஆச்சு கண்ணு, இதோ" என்றாள்.

எங்கே ஆவது? பழக்கத்துக்காக ஒரு சின்னச் சதுரம் பின்னச் சொல்லியிருந்தாள் சிலந்தி. இருபது கண்ணியில் தொடங்கியது, முடிக்கிறபோது இருபத்தேழாகி விசிறி மாதிரி விரிந்து நின்றது. சிலந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "நடுவுல ஏழு பேர் விருந்துக்கு வந்துட்டாங்களாடி?"

அடுத்தது குட்டியின் வாலுக்கு ஓர் உறை. இம்முறை பயந்து பயந்து நூலை இறுக்கிவிட்டாள். கண்ணிகள் ஊசியைவிட்டு நகர மாட்டேன் என்றன, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. கோணல்தான், ஆனாலும் முடித்துவிட்டாள். வாலில் மாட்டியதும் குட்டி அதை வாயில் வைத்துச் சப்பியது. மாதி மரம் மரமாகப் போய், "நான் பின்னினது, நானே பின்னினது" என்று காட்டிவிட்டு வந்தாள். அந்தக் குட்டி பிறந்த பிறகு அவள் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

பிறகு தூளியைத் தொடங்கினாள். ஒன்பதாம் நாள் முடித்தாள். கழுத்தில் மாட்டி, குட்டியை உள்ளே விட்டு, பக்கத்துக் கிளைக்குத் தாவித் திரும்பினாள். குட்டி அசையவில்லை, சுகமாகக் கிடந்தது. அவளுடைய அக்கா கெம்பி, "அப்பாடா! நாளைக்குக் காலையில புறப்படுறோம்" என்றாள்.

அப்போது சிலந்தி இறங்கி வந்து தூளிமேல் ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"நடுவுல ஒரு கண்ணி விட்டுட்டே."

மாதி தூளியை அடியில் தாங்கிப் பிடித்தாள். "குட்டி விழுந்துருமா?"

"அதெல்லாம் விழாது. ஆனா நானா இருந்தா பிரிச்சுட்டுத் திரும்பப் போடுவேன்."

அவளுக்கு என்ன? தினமும் பிரிக்கிறவள், வெயில் ஏறுவதற்குள் புதிதாகப் போட்டுவிடுவாள். மாதிக்கு ஒன்பது நாள். அதை யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது. மாதி அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அது பெரிதாகத் தெரிந்தது.

"விரல்கூட நுழையலையே, பேசாம வாடி" என்றாள் கெம்பி.

"ஓடைக்கு மேலே போறப்ப அது பெருசாச்சுன்னா? நீயா வந்து புடிப்பே?"

சொல்லிவிட்டு நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். ஒன்பது நாள் வேலை மளமளவென்று மடியில் விழுந்தது.

கெம்பி மறுநாள் உச்சிவரை காத்திருந்தாள். அவளுக்கும் குட்டிகள் உண்டு. "சீக்கிரம் வந்து சேரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மாதிக்கு இப்போது கை பழகியிருந்தது. நாலாம் நாள் பொழுது சாய்கையில் இன்னும் ஐந்தாறு வரிதான் பாக்கி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வானம் அப்படித் தெளிந்திருந்தால் பனி கொட்டும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கவட்டையில் குட்டி முனகியது. கையை எடுத்தால் கண்ணியெல்லாம் ஊசியைவிட்டு உருவிக்கொள்ளும்.

"இந்த வரி முடியட்டும் கண்ணு."

அந்த வரி முடிந்தது. "இன்னும் ஒரே வரி." கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

விடியும்போது கடைசி முடிச்சைப் போட்டாள். ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை, சிலந்தியே பொறாமைப்படலாம். கீழே புல்வெளி முழுக்க வெள்ளை. மாதி குட்டியைத் தூக்கித் தூளிக்குள் விட்டாள். அளவு கச்சிதமாக இருந்தது. குட்டி கல்லாகக் குளிர்ந்திருந்தது.

ஐயோ, அவள் போட்ட அலறலை நான் எப்படிச் சொல்ல!

சிலந்தி நூலில் இறங்கி வந்து தொங்கினாள். "நான் சும்மாதான் சொன்னேன், மாதி..." அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. அதன்பின் சிலந்திச் சாதியே வாய் திறந்ததில்லை.

மாதி தூளியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எறிந்த தூளியின் நூல் முனை அவள் காலில் சிக்கியிருந்தது. அவள் தாவத் தாவ அது பிரிந்துகொண்டே வந்து மரத்துக்கு மரம் தொங்கியது. மலைக்காட்டு மரங்களில் சாம்பல் பச்சையாகத் தாடி மாதிரி பாசி தொங்குகிறதே, அது அந்த நூல்தான். ஓடை வந்தது. ஒற்றைக் கையால் முடியாது என்று அத்தனை நாள் அழுதாளே, அதை ஒற்றைக் கையாலேயே தாண்டிவிட்டாள்.

பள்ளத்தில் கெம்பி பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். "போயிடுச்சுடி. கீழே வை."

"மாட்டேன். கீழே வெச்சுத்தானே போச்சு."

ஒருநாள் சொன்னார்கள், இரண்டு நாள் சொன்னார்கள். அவள் வைக்கவில்லை. தின்னும்போதும் தூங்கும்போதும் அதை மார்போடு பிடித்தே இருந்தாள். அன்று தொடங்கி, குட்டியைப் பறிகொடுத்த எந்தக் கருமந்தியும், உடம்பு காய்ந்து சருகானாலும், எத்தனை நாள் ஆனாலும், அதைக் கீழே வைப்பதில்லை.