நீலி மீன் ஏன் வாசலில் ஆடுகிறது

அந்தக் காலத்தில் மீன்களின் வாயில் பேச்சும் இருந்தது. பவளப்பாறை ஒன்றின் பொந்துகளில் விரல் நீள நீலி மீன்கள் அக்கா தங்கைகளாகக் குடியிருந்தார்கள். பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டிய பேன்களைக் கொத்தித் தின்பதுதான் அவர்கள் பிழைப்பு.

சுறாவுக்குப் பயந்து களவா மீன்கள் எல்லாம் ஒரு மணல் குட்டைக்குள் போய் அடைந்துகொண்டன. அப்படி நெருக்கியடித்துக் கிடந்தால் பேன் வராமல் என்ன செய்யும்? அரிப்புத் தாங்காமல், களவாக்களில் பெரியவர் நீலிகளின் பாறைக்கு வந்தார்.

"பிள்ளைகளா, எங்களோட வந்திருங்க. தேடி அலைய வேண்டாம், வயிறு நிறையத் தின்னலாம்."

சில அக்காமார் போனார்கள். கடைக்குட்டி நீலியும் கூடவே ஒட்டிக்கொண்டாள்.

குட்டையில் தீனிக்குக் குறையில்லை. பொந்துதான் இல்லை. வேலைக்கு ஆள் கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு, வந்தவள் எங்கே தலைசாய்ப்பாள் என்று மட்டும் யோசிக்கத் தெரியாது. பொந்துக்குள் ஒடுங்காமல் நீலிகளுக்குத் தூக்கம் வராது. கடைக்குட்டி ஓர் உடைந்த சங்குக்குள் நுழைந்து சமாளித்தாள். அதற்குள் நுழைய முடியாத அக்காமார் தூங்காமல் மெலிந்து, நீரோட்டம் இழுத்த பக்கம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

"அண்ணாச்சி, நாலு கல்லைப் புரட்டிப் போட்டீங்கன்னா ஒதுங்கிக்குவோம்," என்றாள் நீலி.

"கல்லு எங்க செதிலை உரசுமே. ஆள் குறைஞ்சா என்ன, இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."

கூட்டி வந்தாள். அவர்களும் அதே வழியில் போய்ச் சேர்ந்தார்கள். மறுபடி அனுப்பினார், மறுபடி கூட்டி வந்தாள்.

கடைசியாகப் பாறைக்குப் போனபோது ஒரு பொந்திலும் குரல் இல்லை. வாசல் வாசலாக நின்று "அக்கா" என்றாள். தண்ணீர்தான் உள்ளே போய் வெளியே வந்தது. எல்லாரையும் கூட்டிப் போனது தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. தன் பழைய பொந்துக்குள் போய்ப் படுத்தவள் குட்டைக்குத் திரும்பவே இல்லை.

பேன் மொய்க்க, களவாவே தேடி வந்தார். "ஏ நீலி, ஆள் எங்க?"

"தீந்துபோச்சு அண்ணாச்சி. நான் ஒருத்திதான் மிச்சம்."

"அப்ப நீயாவது வா."

"வர மாட்டேன். வேணும்னா நீங்க வாங்க. வாயைத் திறந்துக்கிட்டு, செவுளை விரிச்சுக்கிட்டு, சத்தம் காட்டாம நில்லுங்க."

சுறாவுக்குப் பயந்தவர், பேனுக்கு அதைவிடப் பயந்து நின்றார்.

அன்று முதல்தான் நீலி மீன் தன் பாறையை விட்டு நகர்வதில்லை; எவ்வளவு பெரிய மீனும் அவள் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு முறைக்குக் காத்து நிற்கிறது. யார் வந்தாலும் அவள் வெளியே வந்து மேலும் கீழுமாக ஆடுவாள். தங்களை வரவேற்கிறாள் என்று அவர்களுக்கு நினைப்பு. அவளோ அவர்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள், அக்கா யாராவது வருகிறாளா என்று.