மடக்குக்கோலுக்கு வரவேண்டிய மன்னிப்பு

மடக்குக்கோலின் பகையாளிகளில் முதல் இடம் அரசு மருத்துவமனையின் இணையதளத்துக்கு. மற்ற பகையாளிகளும் உண்டு. பேருந்து நிலையத்துத் தூண், நடைபாதையில் நிறுத்திய மோட்டார் சைக்கிள், மூடியில்லாத சாக்கடை. அவர்களையெல்லாம் கோல் ஒரு தட்டுத் தட்டி, நாலு வசவு வைது, மறந்துவிட்டது. இணையதளத்தை மட்டும் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் அதற்கு இல்லை.

தெற்கே ஒரு ஊரில் அந்தக் கோல் இருந்தது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கணுக்கால், ரப்பர் பாதம். மடக்கினால் அக்குளில் அடங்கும். விரித்தால் வாய் அடங்காது. அதன் ஆள் வேதமாணிக்கம். பிறவியிலேயே பார்வை கிடையாது. நாற்காலிக்கு ஒயர் பின்னுவது தொழில். அவர் பின்னிய நாற்காலி எந்தத் தொந்தியையும் கீழே போட்டதில்லை.

கோல் தரையைத் தட்டும். தட்டிய சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். இரண்டு காதிலும் அது ஏறினால், சுவர் எந்தப் பக்கம், சந்து எந்தப் பக்கம், லாரி எங்கிருந்து வருகிறது என்று வேதமாணிக்கத்துக்குத் தெரிந்துவிடும்.

"நடக்கிறது இவரு. தட்டுதது நான். கேட்டுக்கிடுதது ரெண்டு காது. எல்லாரும் சேந்து கூட்டு யாவாரம்லா பாக்கோம்!" என்று கோல் பெருமையடிக்கும்.

ஒரு நாள் காலையில் அந்தக் கூட்டில் ஒருவன் கடையைச் சாத்தினான். இடது காது.

முதலில் வேதமாணிக்கம் ரேடியோதான் கெட்டுவிட்டது என்று அதன் மண்டையில் ஓங்கித் தட்டினார். ரேடியோ அடியை வாங்கிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தது. வலது காதை மூடிப் பார்த்தார். பாட்டு போய்விட்டது. உள்ளே சில்வண்டு ஒன்று மட்டும் விடாமல் இரைந்தது.

தெருமுனை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "அழுக்கில்ல அண்ணாச்சி, நரம்பு. இதுக்கு உடனே மருந்து போடணும். பெரியாஸ்பத்திரி காது டாக்டருதான் பாக்கணும். சும்மா இருந்தா போன காது போனதுதான், திரும்பாது."

கோலுக்கு ரப்பர் பாதம் சில்லிட்டது. ஒற்றைக் காதுக்காரருக்குச் சத்தம் கேட்கும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. லாரி வருவது தெரியும், எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும்போது தெரிந்துகொள்ள ஆள் இருக்கமாட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் டோக்கன் கொடுக்க ஒரு சன்னல் இருந்தது. கையை நீட்டினால் சீட்டு விழும். போன மாதம்தான் அதற்குப் பலகை அடித்து மூடினார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, இனிமேல் எல்லாம் இணையதளத்தில்தான் என்று திறந்து வைத்தார்கள். அன்றைக்குக் கொடுத்த லட்டில் ஒன்று வேதமாணிக்கத்துக்கும் கிடைத்தது. லட்டு நன்றாகத்தான் இருந்தது. கோல் அதையும் மன்னிக்கவில்லை.

வேதமாணிக்கம் செல்போனை எடுத்தார். அதற்குள் குரல் என்று ஒருத்தி குடியிருந்தாள். திரையில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வது அவள் வேலை. பாடப்புத்தகத் தமிழ்தான் பேசுவாள். சண்டை போட்டாலும் செய்தி வாசிப்பது மாதிரியே இருக்கும்.

குரல் இணையதளத்துக்குள் நுழைந்தாள்.

"படம். படம். பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

"ஏட்டி, என்ன பட்டன்? சட்டைப் பட்டனா?" என்றது கோல்.

"பெயர் எழுதப்படவில்லை. எழுதாததை நான் வாசிப்பதில்லை."

"அவனுவகிட்டயே கேளேன்."

குரல் கேட்டாள். பட்டன்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே இரைச்சல் போட்டன. "எங்களுக்குப் பேரே வைக்கல அக்கா! முதுகுல என்னமோ படம் ஒட்டி விட்டிருக்காக. எங்க முதுகு எங்களுக்குத் தெரியுமா?"

"இதில் காது மருத்துவர் யார்?"

"நானாத்தான் இருப்பேன்" என்றது ஒன்று. "போலே, நீ பல்லு" என்றது இன்னொன்று.

அப்போது இணையதளம் வாயைத் திறந்தது. "என்ன சத்தம் அங்கே? காது படம் போட்டிருக்கிறேன், பல் படம் போட்டிருக்கிறேன். பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் புரியும். எழுத்தை அப்பினால் என் முகம் என்ன ஆகிறது?"

"ஒம் மொகரையப் பாக்கவா நாங்க வந்தோம்?" என்றது கோல்.

வேதமாணிக்கம் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார். வழியை மறித்துக்கொண்டு ஒரு காவல்காரன் நின்றான்.

"நில்லு! நீ மனுசனா, மிஷினா? மனுசன்னா நிரூபி. இந்தப் படங்கள்ல சிக்னல் விளக்கு எதுலெல்லாம் இருக்கு?"

"படம். படம். படம். படம்" என்று குரல் வாசித்தாள்.

கோலுக்குப் பொறுக்கவில்லை. "ஏவே, நீ மனுசனா?"

"நான் புரோகிராம்."

"அப்ப மிஷின்தானே? மிஷின் வந்து மனுசன மனுசனான்னு கேக்கு! நல்லா இருக்குவே ஒங்க நியாயம்."

"கண்ணு தெரியாதவங்களுக்கு ஏற்பாடு இருக்கு" என்றான் காவல்காரன் மிடுக்காக. "சத்தம் போடுவேன். அதுல சொல்லுற நம்பரைச் சொல்லணும்."

போட்டான். சந்தைக்கடை இரைச்சலுக்கு நடுவில் யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு எண் சொல்வது மாதிரி இருந்தது. வேதமாணிக்கம் வலது காதில் வைத்தார். உள்ளே சில்வண்டு குறுக்கே பாடியது. ஏழா? எட்டா?

"தப்பு" என்றான் காவல்காரன். "காது கேக்கலேன்னா படத்தைப் பாருங்க."

"படம் தெரியலேன்னா?" என்றார் வேதமாணிக்கம்.

"சத்தத்தைக் கேளுங்க."

இப்படியே இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது இணையதளம் அறிவித்தது. "உங்கள் நேரம் முடிந்துவிட்டது."

வேதமாணிக்கம் போனிடம், "அத டாக்டரு சொல்லட்டும் தாயி" என்றார்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் பல் டாக்டர் வரைக்கும் போனார்கள், அங்கே காவல்காரன் பிடித்துக்கொண்டான். சில்வண்டு நாளுக்கு நாள் கொழுத்தது.

யாரிடமாவது கொடுத்துப் போடச் சொல்லலாமே என்று நினைக்கலாம். முன்பு ஒரு தடவை, மூலத்துக்கு மாத்திரை எழுதிய சீட்டை வாசித்துச் சொல்லும்படி வேதமாணிக்கம் பிரௌசிங் சென்டர் கனகுவிடம் கொடுத்தார். கனகு கடைக்கு வெளியே நின்று மணியோசை மாதிரி வாசித்தான். பிறகு ஒரு வருஷம் கடைத்தெருவில் வேதமாணிக்கம் உட்காரப் போனால், "பாத்து அண்ணாச்சி, மெதுவா" என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாற்காலி பின்னுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்! அன்றிலிருந்து தன் உடம்பைப் பற்றித் தானேதான் பேசுவது என்று வைத்திருந்தார்.

பத்து நாள் இப்படியே போனபிறகு, கடைசியில் கோலை விரித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கே போனார். போகிற வழியில் ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு போயிற்று. கோல் வலது பக்கம் என்றது, ஆட்டோ இடது பக்கம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நிர்வாக அதிகாரி தெய்வசிகாமணி அறைக்கு வெளியிலேயே அகப்பட்டார். மாலை போட்ட கம்ப்யூட்டரைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

"வெப்சைட்ல போடுங்க அண்ணாச்சி. இங்க வந்து நின்னா எப்படி?"

"போட முடியல சார். பட்டனுக்கெல்லாம் பேரு இல்ல."

"ஒங்களை மாதிரி உள்ளவங்களுக்குன்னே தனிப் பக்கம் வச்சிருக்கோமே! நான் சக்கர நாற்காலி குடுக்குற மாதிரி பெரிய போட்டோ போட்டு!"

"போட்டோவ நான் என்ன செய்யட்டும்?"

டாக்டரைப் பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது. "சும்மா குறை சொல்லக்கூடாது. கண்ணை மூடிக்கிட்டே போடலாம், அவ்வளவு ஈஸி."

"அப்ப மூடிக்கிட்டுப் போடுங்க சார்."

வேதமாணிக்கம் தன் போனில் திரையை அணைத்தார். கண்ணுள்ளவர் எவ்வளவு முழித்துப் பார்த்தாலும் கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். குரல் மட்டும் பேசுவாள். போனை அதிகாரி கையில் கொடுத்தார். கூட்டம் நெருங்கி வந்தது.

"இதோ, எனக்கே பிரஷர் பாக்கணும். அதுக்கே போடுறேன்" என்றார் அதிகாரி. தன் பெயரையும் நம்பரையும் சொல்லிப் பதிந்தார்.

"பட்டன். பட்டன். பட்டன்" என்றாள் குரல், ரொம்ப மரியாதையாக.

"இவரு யாரு அக்கா?" என்று பட்டன்கள் கிசுகிசுத்தன.

"உங்கள் முதலாளி."

"அப்ப பேரு வைக்க மறந்தது இவருதானா?"

"இவர்தான்."

பட்டன்களுக்கு ஒரே குஷி. அதிகாரியின் விரல் வந்தது. எது அகப்பட்டதோ அதை அமுக்கினார். காவல்காரன் இரைச்சலைப் போட்டான். அதிகாரிக்குக் காது தீர்க்கம், எண்ணைச் சொல்லிவிட்டார். காவல்காரன் சலாம் போட்டு விலகினான்.

"பாத்தீங்களா!" என்று தெய்வசிகாமணி மீசையைத் தடவினார்.

அவருடைய சட்டைப்பையில் போன் மணியடித்தது. சேதி. எடுத்துப் பார்த்தவர் அப்படியே பைக்குள் வைக்கப் போனார். பக்கத்தில் நின்ற மீன்காரம்மா விடவில்லை, எட்டிப் பார்த்து உரக்க வாசித்துவிட்டாள்.

"திரு. தெய்வசிகாமணி அவர்களே, கர்ப்பிணிகள் பரிசோதனைக்குத் தங்கள் முன்பதிவு உறுதியானது. கணவரை உடன் அழைத்து வரவும்."

ஆஸ்பத்திரியே சிரித்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

"எத்தனையாவது மாசம் சார்?" என்றாள் மீன்காரம்மா.

அதிகாரி பதறிப்போய் அதை ரத்து செய்ய விரலால் தடவினார். ரத்துக்கு உள்ள பட்டனுக்கும் பெயர் இல்லை. இன்னொரு சேதி வந்தது. இந்தத் தடவை ஸ்கேன்.

கோல் சிரித்த சிரிப்பில் நாலு மடிப்பும் கழன்றுவிட்டன.

இணையதளத்தைக் கட்டிய ஜெரினா என்ற பெண்ணை அங்கேயே வரவழைத்தார்கள். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலயும் பேரு எழுத இடம் இருக்கு சார். பாக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது, வாசிக்கிற குரலுக்கு மட்டும் கேக்கும். நாங்க காலியா விட்டுட்டோம். யாரும் கேக்கல."

"எத்தனை நாளாகும்?"

"நாளா? சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

கோலுக்குச் சிரிப்பு நின்றுபோனது. "ஒரு சாயங்கால வேலைக்கா எங்காளு இத்தனை நாளா வண்டு இரைச்சலக் கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு?" என்றது. ஜெரினாவுக்கு அது கேட்கவில்லை. தரையில் ஏதோ தட்டிய மாதிரி இருந்தது.

அன்று மாலை பட்டன்களுக்குப் பெயர் வைத்தார்கள். காது, பல், கண், எலும்பு, பிரசவம். ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. காவல்காரனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவன் இடத்தில், போனுக்கு ஒரு எண் வரும், குரல் அதை நிறுத்தி வாசிப்பாள், அதைத் திருப்பிச் சொன்னால் போதும். இணையதளம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

வேதமாணிக்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, யாரிடமும் தன் காதைப் பற்றிச் சொல்லாமல், காது டாக்டருக்குப் பதிவு போட்டார். குரல், "காது, மூக்கு, தொண்டை. பட்டன்" என்று கேட்காமலே இரண்டு தடவை வாசித்தாள்.

காது டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

"வலது காதுக்குப் பயமில்ல. இடது... ஒரு வாரம் முந்தி வந்திருந்தா காப்பாத்தப் பாத்திருக்கலாம் ஐயா. ஏன் இவ்வளவு லேட்டு?"

வேதமாணிக்கம் கோலைத் தடவினார். "பட்டன் தேடிக்கிட்டு இருந்தோம் டாக்டர்."

அன்றிலிருந்து கோலுக்கு வேலை இரட்டிப்பு. ஒரு தட்டு, வேதமாணிக்கம் தலையைத் திருப்புவார், இன்னொரு தட்டு. அப்புறம்தான் காலை எடுத்து வைப்பார். சாலையைக் கடக்க யாராவது வரும்வரை நிற்கவேண்டியிருந்தது. அதுவரை அவர் யாருக்காகவும் நின்றவர் இல்லை.

"பட்டனுக்குப் பேரு வச்சாச்சு, சரி. போன காதுக்கு யாரு பதில் சொல்லுவா? வாயத் தொறந்து ஒரு மன்னிப்பு கேட்டுச்சா அந்த வெப்சைட்டு?" என்று கோல் தட்டுக்குத் தட்டு கேட்டது.

கொஞ்ச நாளில் தெய்வசிகாமணியே போன் செய்தார். அவர் பேச்சில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "அண்ணாச்சி, நடந்தது தப்புதான். அதான் வெப்சைட்லயே, முதல் பக்கத்துலயே, ஒங்க பேரைப் போட்டு மன்னிப்பு கேட்டிருக்கோம். நாலு பக்கமும் பூ வச்சு, நான் கைகூப்புற மாதிரி. நானே உக்காந்து டிசைன் செஞ்சேன். பாருங்க."

வேதமாணிக்கம் கைவேலையை நிறுத்தினார். ஒயரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கோலும் அவர் முழங்காலில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். வாசல் வழியாகப் போன ஒரு சைக்கிளைக்கூட அது வையாமல் விட்டது.

"உள்ள போ, ஏட்டி. முழுசா வாசி. ஒரு எழுத்து விடாத" என்றது குரலிடம்.

குரல் உள்ளே போனாள்.

"ஏட்டி, என்ன போட்டிருக்கு?"

"படம்" என்றாள் குரல்.

வேதமாணிக்கம் போனை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மன்னிப்புதான் கேட்டது.