முதலையை மழை என்று சொல்லாத நுணல்

வால் தண்ணீரில் அறையும் அந்தச் சத்தத்தை நுணல் கடைசிவரை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் உயிர்களெல்லாம் பேசின. பேச்சு இருந்ததால் முகத்துதியும் இருந்தது. கொடும் கோடை ஒன்றில் காட்டுக்கெல்லாம் ஒரே மடு மிஞ்சியது. அதில் முதலை படுத்திருந்தான். குடிக்க வருகிறவர்கள், "ஐயா, நீங்கதான் எங்க மழை" என்று சொல்ல வேண்டும். சொன்னால் வாலைத் தட்டி வழிவிடுவான்.

யானை சொன்னது. மயிலும் சொன்னது. நுணல் என்னும் மண் தவளை மட்டும் சொல்லவில்லை. மழையைக் கூப்பிடுகிற குலம் அவளுடையது.

"ஏ சொறிமுதுகு, நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்றான் முதலை.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. மழையை நான் பார்த்திருக்கேன். அதுக்குப் பல் கிடையாது."

கரையில் நண்டு பதறினான். "ஒரு வார்த்தைதானே தங்கச்சி! சொல்லித் தொலைச்சிட்டுக் குடியேன். தோலெல்லாம் காஞ்சு கிடக்கே உனக்கு!"

"சொல்லிட்டா, நிஜ மழை வரும்போது அதை என்னன்னு கூப்பிடுவேன் அண்ணே?"

பின்னங்கால்களால் மண்ணைப் பறித்துக்கொண்டு அவள் பின்பக்கமாகவே இறங்கினாள். முதலைக்கு முதுகு காட்டவில்லை. கண் மறையும்வரை அவனையே பார்த்தாள்.

"நல்லா ஆழமாத் தோண்டு, புதைக்கிற வேலை மிச்சம்!" முதலை சிரித்தான். வால் மறுபடி அறைந்தது.

உள்ளே முதலில் மூச்சை அடக்கிப் பார்த்தாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வால் சத்தம் மண் வழியே வரும்போதெல்லாம் கோபம் மூண்டது. கோபம் மூள மூள உடம்பின் ஈரம் வற்றியது. இப்படியே போனால் அவன் சொன்னதுதான் நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

கால்களை மடக்கி உட்கார்ந்தாள். மூச்சை அதன் போக்கில் விட்டு, தொண்டைக்குழியில் அது வந்து போவதை மட்டும் கவனித்தாள். சத்தம் வந்தது, போனது. கோபம் வந்தது, போனது. மூச்சு நூலாக மெலிந்தது. தோல் தன் ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. மனசு அடங்கியது. மாட்டேன் என்ற அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை.

ஒருநாள் தலைக்கு மேலே வேறு சத்தம். மண்ணைப் பிளந்து வந்தாள். நனைந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்: "மழை!"

அன்று முதல்தான் நுணல்கள் பின்பக்கமாக மண்ணில் இறங்கி, கோடை முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்து, முதல் மழைக்கு அத்தனை பெரிய குரலெடுத்துக் கத்துகின்றன.

கத்தி முடித்ததும் அவள் நண்டைத் தேடினாள். மடு வற்றிய அன்றைக்கு, "ஐயா, நீங்கதான்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலை அவனைத் தின்றுவிட்டிருந்தான்.