சும்மா இருங்கண்ணே

இந்தச் சம்பவத்தை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். சொன்னவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. என் குழப்பமே அதுதான்.

அவர் பெயர் தாண்டவமூர்த்தி. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சிறிய மடத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த குரு அவரைவிட வயதில் சின்னவர். இவர் குருவை 'சாமி' என்பார். குரு இவரை 'அண்ணே' என்பார்.

தாண்டவமூர்த்திக்கு ஒரே ஒரு ஆசை, தீட்சை. அந்த மடத்தில் தீட்சை வாங்குகிறவர் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். குரு காதருகே குனிந்து, "சும்மா இரு" என்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் தோட்டத்தில் குந்தியிருந்தவர், யாரோ கூப்பிட, ஊன்றிய காலோடு திரும்பி எழுந்தார். முட்டிக்குள் 'டப்'பென்றது. மறுநாள் வீங்கிவிட்டது.

ராசிபுரத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "உள்ளே மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு. அது கிழிஞ்சிருக்கு. சம்மணம் வேண்டாம், குந்த வேண்டாம், காலை ஊன்றித் திரும்ப வேண்டாம். தொடைக்குப் பயிற்சி சொல்லித் தர்றேன், விடாம செய்யுங்க. நீட்ட முடியாம முட்டி பூட்டிக்கிச்சுன்னா உடனே வாங்க. அப்ப ஆபரேஷன் பத்திப் பேசலாம்."

மடத்துக்குத் திரும்பியதும் அவர் குருவைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, கிழிஞ்சது ஒட்டுமா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓரத்துல கிழிஞ்சா ஒட்டலாமாம். உள்பக்கம் ரத்த ஓட்டம் இல்லையாம், கஷ்டமாம். எனக்கு உள்பக்கம்தான். அப்ப ஒட்டாதா சாமி? சம்மணம் போட முடியாதா? தீட்சை?"

குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சும்மா இருங்கண்ணே."

தாண்டவமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றே பாயில் படுத்துவிட்டார். மறுநாளே குரு வெளியூர் போய்விட்டார். அவர் இல்லாத அத்தனை வாரமும் இவர் எழுந்திருக்கவில்லை. பயிற்சி கிடையாது. சாப்பாடும் பாய்க்கே வந்தது. வீக்கம் வற்றியது. கூடவே தொடையும் வற்றியது. ஒரு காலையில் எழுந்து நடந்தபோது முட்டி மடிந்து, கிணற்றடியில் விழுந்தார்.

குரு அன்றுதான் ஊர் திரும்பியிருந்தார்.

"என்னண்ணே இது, காலு குச்சியாட்டம் இருக்கு?"

"நீங்கதானே சாமி சும்மா இருக்கச் சொன்னீங்க."

"நானா?"

"கல்லு பொறுக்கிக்கிட்டே சொன்னீங்க."

குரு கொஞ்சம் யோசித்தார்.

"தொணதொணன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. கல்லு எது, அரிசி எதுன்னு தெரியாம போச்சு. அதுக்குச் சொன்னது. 'இருங்கண்ணே'ன்னு எவனாவது உபதேசம் பண்ணுவானா? தீட்சையில 'இரு'தான். அங்க மரியாதை கிடையாது."

"எனக்கு 'சும்மா' மட்டும்தான் சாமி காதுல விழுந்துச்சு."

குரு அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே தரையில் அமர்ந்து, அவருடைய குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"சாமி, காலைத் தொடாதீங்க."

"நீட்டுங்க."

கால் நடுங்கியது.

"மெதுவா இறக்குங்க. மறுபடி நீட்டுங்க. டாக்டர் சொன்னதுதானே."

தினமும் இது நடந்தது. தொடை தேறியது. நடை திரும்பியது. சம்மணம் மட்டும் வரவில்லை.

தீட்சை நாளில் மற்றவர்கள் கூடத்தில் வரிசையாகச் சம்மணமிட்டிருந்தார்கள். தாண்டவமூர்த்தி வாசற்படியோரம் நின்றார். குரு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வரிசையின் நடுவில் போட்டு, அவரைக் கைப்பிடித்து உட்கார வைத்தார்.

"நாற்காலியில உட்கார்ந்தா செல்லுமா சாமி? எல்லாரும் கீழே இருக்காங்க. நீங்களும் கீழேதான் உட்காருவீங்க. கிழிஞ்ச காலோட நான் மட்டும் மேல..."

குரு அவர் காதருகே குனிந்தார்.

"சும்மா இரு."

இவ்வளவுதான் அவர் சொன்ன கதை. இதைக் கேட்டபோது தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கேட்கத்தான் மனம் வரவில்லை. கேட்டு, அவரிடமிருந்து அந்தத் தீட்சையைப் பிடுங்கிவிட்டால்?

என் முட்டியும் மாடிப்படியில் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு அவரைப் போய்ப் பார்த்தேன். பயிற்சி சொல்லிக் கொடுத்தார். காலை நீட்டியபடியே கேட்டேன்.

"தீட்சை அன்னிக்கு சாமி 'இரு'ன்னுதான் சொன்னாரா? இல்லே, 'இருங்க'ன்னு சொல்லி, உங்களுக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சா?"