கடைசி வரியில் தயிர்சாதம்

திருநெல்வேலியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே தலைமை ஆர்க்கிடெக்ட் கற்பகவிநாயகம். தான் எழுதிய கோடில் தப்பு இருக்கவே முடியாது என்பது அவர் கட்சி.

ஒரு மெஸ்ஸுக்காக அவர் ஆர்டர் ஃபார்ம் செய்து கொடுத்தார். பத்து அயிட்டம் போட்டு அனுப்பினால், சர்வர் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது கடைசி அயிட்டம் மட்டும்தான். ஃபார்மின் எல்லா வரிக்கும் கோடில் மனுஷன் ஒரே பெயரை வைத்திருந்தார். பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

புதிதாகச் சேர்ந்த இசக்கியம்மாள் இதைப் போய்ச் சொன்னாள்.

“என் ஃபார்ம்ல கை வைக்கக் கூடாது. சர்வர் உன் வேலை. நாளைக்குள்ள அத்தனையும் வந்து சேரணும். இல்லைன்னா வேற கம்பெனி பாத்துக்கோ” என்றார்.

“சரி சார். இன்னைக்கு எல்லாருக்கும் மதியச் சாப்பாட்டை அந்த ஃபார்ம்லயே சொல்லிரலாமா? சீனியாரிட்டிப்படி நீங்களே போடுங்க.”

சீனியாரிட்டி என்றதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் வரியில் தனக்கு மட்டன் பிரியாணி போட்டார். பிறகு மற்றவர்கள். கடைசியில், போனால் போகிறதென்று இசக்கியம்மாளுக்குத் தயிர்சாதம்.

மதியம் மெஸ்ஸிலிருந்து ஒரே ஒரு பொட்டலம் வந்தது. இசக்கியம்மாள் அதைப் பிரித்து, நிதானமாக ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள்.

“என் பிரியாணி எங்கே?”

“உங்க ஃபார்ம்ல தப்பே வராதே சார். அப்போ நீங்க சாப்பிட்டாச்சுன்னுதான் அர்த்தம்.”

பசியோடு நின்ற ஆபீஸ் முழுவதும் அவரையே பார்த்தது. ஆர்க்கிடெக்ட் லேப்டாப்பைத் திறந்து, தன் ஃபார்மைத் தானே திருத்த உட்கார்ந்தார். இசக்கியம்மாள் கை கழுவப் போனாள்.